பார்த்துப் போங்கள்!

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

“பார்த்துப் போ!” இந்த இரண்டு சொற்களையும் ஒரு நாளில் எத்தனை தடவை கேட்கிறோம் என்று தோழியர் யாராவது எண்ணிப் பார்த்ததுண்டா? காலையில் சைக்கிளை எடுக்கும்போது பாட்டி சொல்கிறார். வாசற்படியைத் தாண்டும்போது அம்மா சொல்கிறார். மாலையில் நீண்ட மணி அடித்ததும் நாமெல்லாம் கூட்டமாக வாயிலை நோக்கி ஓடுகையில், அங்கே நிற்கும் சிஸ்டரும் அதையே சொல்கிறார். “சரி, சரி” என்று தலையை ஆட்டிவிட்டு ஓடிவிடுகிறோம். நானும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தேன். அச்சொற்களை நின்று கேட்க எனக்குக் கற்றுக்கொடுத்தது, அமெரிக்காவில் 1984-ஆம் ஆண்டு ஒளிபரப்பான ஒரு காவல் நிலைய நாடகத்தின் ஒரே ஓர் அத்தியாயம். அதைப் பற்றித்தான் நம் ஆண்டு மலரில் எழுத ஆசைப்பட்டேன். “நாடகத்தைப் பற்றி எழுதினால் தமிழம்மா ஏற்றுக்கொள்வார்களா?” என்று பயந்துகொண்டே கேட்டேன். “உன் மனத்தைத் தொட்டது எதுவானாலும் எழுது, ஆனால் உண்மையாக எழுது” என்றார்கள். ஆகவே, எனக்குப் பெருமை தராத செய்தியையும் சேர்த்தே எழுதுகிறேன்.

என் அப்பா ஒரு தலைமைக் காவலர். ஊர் வழக்கில் ‘ஏட்டு’. காவலர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்று தெரியும். தீபாவளி, பொங்கல், கிறிஸ்மஸ், புத்தாண்டு என்று ஊரெல்லாம் விடுமுறை கொண்டாடும் நாட்களில்தான் எங்கள் வீட்டில் ஒரு நாற்காலி காலியாக இருக்கும். கிறிஸ்மஸ் நள்ளிரவுத் திருப்பலிக்கு நாங்கள் உள்ளே முழந்தாளிட்டிருக்கும்போது, அப்பா வெளியே பந்தோபஸ்தில் நின்றுகொண்டிருப்பார். எங்கள் வீட்டில் ஒரு சட்டமும் உண்டு. நிலையத்து விஷயம் எதுவானாலும் அது வாசற்படியோடு நின்றுவிட வேண்டும். தொப்பியை ஆணியில் மாட்டிய பிறகு அப்பா வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். நாங்களும் கேட்கமாட்டோம்.

நான் ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது ஆண்டு விழாவில் பேச்சுப் போட்டிக்கான முதல் பரிசு எனக்குக் கிடைத்தது. பரிசு பெற்ற பேச்சை மேடையிலும் பேச வேண்டும் என்று மதர் சொல்லிவிட்டார்கள். “இந்தத் தடவை நிச்சயம் வருவேன் பாப்பா. சாயங்காலம் நாலு மணிக்கு மேலே எனக்கு ட்யூட்டி இல்லை” என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அம்மா தன் பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்து இடம் பிடித்திருந்தார். நான் மேடையிலிருந்து பார்த்தபோது அந்தக் கைப்பை அப்படியே இருந்தது. பேச்சு முடிந்தது, பரிசு வழங்கினார்கள், நாட்டுப்பண்ணும் பாடியாயிற்று. அப்பா வரவே இல்லை. மறுநாள் விடியற்காலையில்தான் வீட்டுக்கு வந்தார். “பாப்பா, எங்கே கப்பு? காட்டு பார்க்கலாம்” என்றார். நான் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். அதன்பின் நான்கு நாட்கள் அவரோடு பேசவில்லை. “ஸ்டேஷனில் ஏதோ அவசரம்” என்றுதான் அம்மாவும் சொன்னார். அவருக்கும் அதற்குமேல் தெரியாது. நான் அன்று மேடையில் பேசிய தலைப்பு என்ன தெரியுமா? ‘பெற்றோரைப் போற்றுவோம்!’

ஐந்தாம் நாள் எப்படியோ பேச்சு வந்துவிட்டது. ஆனால் அந்தக் கைப்பை மட்டும் என் மனத்தில் அந்த நாற்காலியிலேயே இருந்தது.

மே மாத விடுமுறையில் அமெரிக்காவிலிருந்து மாமா வந்திருந்தார். அவர் சிகாகோ நகரத்தில் வேலை பார்க்கிறார். அத்தானுக்கு என்ன கொண்டுவருவது என்று யோசித்து, ‘ஹில் ஸ்ட்ரீட் புளூஸ்’ என்னும் பழைய தொலைக்காட்சி நாடகத்தின் குறுந்தகடுகளை ஒரு பெட்டியாகக் கொண்டுவந்தார். “போலீஸ்காரருக்குப் போலீஸ் நாடகம்!” என்று சிரித்தார். இந்த நாடகத்தின் தொடக்கத்தில் காட்டப்படும் காவல் நிலையக் கட்டடம் சிகாகோவில் மேக்ஸ்வெல் தெருவில் உள்ளதாம். இப்போது அங்கே ஒரு பல்கலைக்கழகத்தின் காவல் பிரிவு இயங்குகிறது. மாமா அந்த வழியாகப் பலமுறை நடந்திருக்கிறார். ஆனால் நாடகத்தில் வரும் நகரத்துக்குப் பெயர் கிடையாது. எந்த ஊராகவும் இருக்கலாம் என்றுதான் அப்படி விட்டார்கள் போலும்.

அப்பாவுக்கு ஆங்கிலம் படிக்க வரும். ஆனால் அவர்கள் பேசும் வேகத்துக்குப் புரியாது. கான்வென்டில் படிப்பதன் பயனை அன்றுதான் என் வீட்டார் நேரில் கண்டார்கள். நான் அப்பாவின் காலடியில் அமர்ந்து, திரையில் அவர்கள் பேசப் பேசத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவேன். சில காட்சிகள் வரும்போது அம்மா, “அதை ஓட்டிவிடுங்கள்” என்பார். மாமா உடனே ஓட்டிவிடுவார். மற்றபடி இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தினம் ஓர் அத்தியாயம் என்று வழக்கமாகிவிட்டது.

தோழியருக்கு இந்நாடகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்டீவன் போச்கோ, மைக்கேல் கொசோல் என்னும் இருவர் உருவாக்கியது இது. 1981 ஜனவரி 15-ஆம் நாள் தொடங்கி 1987 மே 12-ஆம் நாள் வரை என்.பி.சி. தொலைக்காட்சியில் வந்தது. மொத்தம் 146 அத்தியாயங்கள். முதலாண்டில் பார்த்தவர்கள் குறைவுதானாம். ஆனால் அந்த ஆண்டே எட்டு எம்மி விருதுகளைத் தட்டிக்கொண்டு போயிற்று. தொலைக்காட்சிக்கு எம்மி என்றால் சினிமாவுக்கு ஆஸ்கார் போல.

இதில் வரும் காவலர்கள் நம் சினிமாவில் வருவதுபோல் ஒரே அடியில் பத்துப் பேரை வீழ்த்துபவர்கள் அல்லர். களைத்துப்போனவர்கள், கடன்பட்டவர்கள், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வேலைக்கு வருபவர்கள். பெல்கர் என்றொருவர். கைதிகளைப் பார்த்து நாய்போல உறுமுவார். சமயத்தில் கடித்தும் வைப்பார். ஆனால் மேசைமேல் தொலைபேசி அடித்து, மறுமுனையில் அவருடைய அம்மா பேசினால் பூனைக்குட்டியாகிவிடுவார். ஹில் என்பவர் கறுப்பர், ரென்கோ வெள்ளையர்; இருவரும் ஒரே வண்டியில் ரோந்து போவார்கள். லூசி பேட்ஸ் என்ற உயரமான பெண் காவலரும் உண்டு. இவர்களுக்கெல்லாம் தலைவர் கேப்டன் ஃபுரில்லோ. அவர் கத்தோலிக்கர். 1982-இல் வந்த ஓர் அத்தியாயத்தின் முடிவில், தான் செய்த ஒரு காரியம் மனச்சாட்சியை உறுத்த, அவர் பாவசங்கீர்த்தனம் செய்யப் போகிறார். அத்தனை பெரிய அதிகாரி ஒரு சிறு பிள்ளையைப்போல் குருவானவர் முன் முழந்தாளிட்டதைப் பார்த்து அம்மா சிலுவை போட்டுக்கொண்டார்.

பெரும்பாலும் ஓர் அத்தியாயம் என்பது ஒரு நாள். காலையில் ஆஜர் பட்டியல் வாசிப்பதோடு தொடங்கி, இரவில் முடியும். அந்தக் காலைக் கூட்டத்தை நடத்துபவர் சார்ஜெண்ட் ஃபில் எஸ்டர்ஹாஸ். ஆறடிக்கு மேல் உயரம், நரைத்த தலை, பெரிய பெரிய சொற்களாகத் தேர்ந்தெடுத்துப் பேசுவார். எந்தத் தெருவில் திருட்டு, யாரைத் தேட வேண்டும், யார் எங்கே போக வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் படிப்பார். எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டு கலைந்து எழும்போது, ஒரு விரலை உயர்த்தி நிறுத்துவார். “லெட்ஸ் பீ கேர்ஃபுல் அவுட் தேர்” என்பார். அவ்வளவுதான். எல்லாரும் வெளியே போவார்கள்.

முதல் நாள் அந்த வாக்கியம் வந்தபோது, அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று ஒரு கணம் திணறினேன். ‘நாம் வெளியே எச்சரிக்கையாக இருப்போமாக’ என்றால் மறையுரை போலிருக்கிறது. பிறகு தானாகவே வாய்க்கு வந்தது: “பார்த்துப் போங்கப்பா!”

அப்பா சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அன்றுமுதல் ஒவ்வொரு நாளும் அந்த இடம் வரும்போது, நான் சொல்லுமுன்னே அவரே மெதுவாகச் சொல்லத் தொடங்கினார்.

எஸ்டர்ஹாஸாக நடித்தவர் மைக்கேல் கான்ராட். 1981, 1982 ஆகிய இரண்டு ஆண்டுகளும் சிறந்த துணை நடிகருக்கான எம்மி விருது அவருக்கே கிடைத்தது. நாடகம் நான்காம் ஆண்டாக நடந்துகொண்டிருந்தபோது, 1983 நவம்பர் 22-ஆம் நாள் அவர் புற்றுநோயால் காலமானார். வயது 58. நாடகக் குழுவினர் என்ன செய்வார்கள்? வேறொருவரை அதே வேடத்தில் நடிக்க வைத்திருக்கலாம். வெளியூருக்கு மாற்றலாகிப் போய்விட்டார் என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. கதையிலும் சார்ஜெண்ட் இறந்துவிட்டதாகவே வைத்து, அவருக்கு விடைகொடுக்க ஓர் அத்தியாயம் எடுத்தார்கள். அது 1984 பிப்ரவரி 2-ஆம் நாள் ஒளிபரப்பாயிற்று.

மாமா இன்னொரு செய்தியும் சொன்னார். முதல் அத்தியாயத்தில் ஹில்லும் ரென்கோவும் சுடப்படுகிறார்கள். அதில் ரென்கோ இறந்துவிடுவதாகத்தான் முதலில் எண்ணியிருந்தார்களாம். பிறகு மனம் மாறிப் பிழைக்க வைத்துவிட்டார்கள். கதை எழுதுகிறவர் நினைத்தால் பேனாவைக் கொண்டே ஒரு ரென்கோவைக் காப்பாற்றிவிட முடிகிறது. எஸ்டர்ஹாஸை எந்தப் பேனாவாலும் காப்பாற்ற முடியவில்லை. ஏனென்றால் அந்த மரணம் கதைக்கு வெளியே நிகழ்ந்துவிட்டது. தங்களில் ஒருவரை அந்தக் குழு மெய்யாகவே இழந்துவிட்டது. அந்த நடிகர்கள் அன்று அழுத அழுகையில் எது நடிப்பு, எது உண்மை என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்?

அந்த அத்தியாயத்தைப் பார்த்த இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மழை வரும்போலப் புழுக்கமாக இருந்தது. அப்பா பகல் ட்யூட்டி முடிந்து வந்து குளித்துவிட்டு, சாய்வு நாற்காலியில் அமர்ந்திருந்தார்.

சார்ஜெண்ட் இறந்துபோன செய்தி நிலையத்துக்கு வருகிறது. கல்லாய் நிற்கிறார்கள் சிலர், கோபப்படுகிறார்கள் சிலர். உறுமுகிற பெல்கரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனால் என்னை வியக்க வைத்தது வேறொன்று. நிலையத்துக்கு அன்று விடுமுறையில்லை. தொலைபேசி அடித்துக்கொண்டேதான் இருக்கிறது. குற்றம் செய்கிறவர்கள் செய்துகொண்டேதான் இருக்கிறார்கள். உள்ளே இடிந்துபோன மனத்தோடு வெளியே ஓட வேண்டியிருக்கிறது. முடிவில், அவருடைய சகாக்கள் அவரது சாம்பலை ஹில் தெருவிலேயே தூவுகிறார்கள். எந்தத் தெருவுக்கு ஒவ்வொரு நாளும் அவர்களை “பார்த்துப் போங்கள்” என்று சொல்லி அனுப்பினாரோ, அந்தத் தெருவிலேயே அவர் கலந்துவிடுகிறார்.

நான் மொழிபெயர்ப்பதை எப்போது நிறுத்தினேன் என்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தேன். அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். தோள்கள் குலுங்கின. என் அப்பா அழுது நான் அதற்குமுன் பார்த்ததில்லை. தாத்தா இறந்தபோதுகூட அவர்தான் எல்லாருக்கும் ஆறுதல் சொன்னார். அம்மா எழுந்து வந்து, “என்னங்க, என்ன ஆச்சு?” என்றார். மாமா பெட்டியை நிறுத்தினார்.

கொஞ்ச நேரம் கழித்து அப்பா சொன்னார்: “எங்க ரைட்டர் அண்ணனும் இப்படித்தான் சொல்லுவார். காலையில ரோல் கால் முடிஞ்சு எல்லாரும் கிளம்பும்போது, எழுதறதை நிறுத்திட்டுத் தலையைத் தூக்கி, ‘பார்த்துப் போங்கப்பா’ன்னு சொல்லுவார். ஒரு நாள் தவறினதில்லை.”

காவல் நிலையத்தில் ‘ரைட்டர்’ என்பவர் யார் என்று தோழியர் சிலருக்குத் தெரியாதிருக்கலாம். நிலைய எழுத்தர் அவர். யார் எந்த வேலைக்குப் போவது என்ற பட்டியலும், நிலையத்துக் கணக்கு வழக்கும், வழக்குத் தாள்களும் அவர் கையெழுத்தில்தான் ஓடும். துப்பாக்கி தூக்கும் வேலையன்று; ஆனால் அவர் ஒரு நாள் வராவிட்டால் நிலையமே தடுமாறிப்போகும். அந்த மாமாவை நான் பார்த்ததில்லை. அம்மா எப்போதாவது நிலையத்துக்குத் தொலைபேசி செய்தால், “ஏட்டு வெளியே போயிருக்காரும்மா, வந்ததும் சொல்றேன்” என்ற குரலாக மட்டுமே அவரை எனக்குத் தெரியும்.

“எப்பங்க இறந்தார்?” என்று அம்மா கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். “பாப்பாவோட ஆண்டு விழா அன்னைக்கு” என்றார்.

அந்தக் கணத்தில் என் நெஞ்சு நின்றுவிட்டதுபோல் இருந்தது.

அப்பா மெதுவாக எல்லாவற்றையும் சொன்னார். அன்று காலை பணிப் பட்டியலைப் படித்தபோது அப்பாவுக்கு இரவுத் திருவிழா பந்தோபஸ்து விழுந்திருந்தது. ரைட்டர் மாமாவே அதை அடித்துவிட்டு வேறொருவர் பெயரை எழுதினாராம். “ஏட்டு, பொண்ணு பரிசு வாங்குது. நாலு மணிக்கு நீ கிளம்பிடு. ஐயாகிட்ட நான் சொல்லிக்கிறேன்” என்றாராம். வழக்கம்போல், “பார்த்துப் போங்கப்பா” என்று எல்லாரையும் அனுப்பினாராம். பதினொரு மணிக்கு எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்தார். அப்பாவும் இன்னொரு காவலரும் அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். அப்பாவின் மடியில்தான் தலை. மருத்துவமனை வாசலை அடையுமுன் உயிர் போய்விட்டது.

அதன்பின் அவர் மனைவிக்குச் சொல்லியனுப்புவதும், தாள்களில் கையெழுத்து வாங்குவதும், உடலை வீட்டுக்குக் கொண்டு சேர்ப்பதுமாகப் பொழுது சாய்ந்துவிட்டது. நாலு மணி அடித்ததே அப்பாவுக்குத் தெரியவில்லை. நிலையத்தில் ஆள் போதவில்லை. மாமா அடித்த இடத்தில் அப்பாவின் பெயரே மறுபடியும் வந்து சேர்ந்தது. விடிய விடியத் தேரோட்டத்துக் கூட்டத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். மூன்றாம் நாள் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துப் படித்துறையில் அவருடைய அஸ்தியைக் காவிரியில் கரைத்தபோது, நிலையத்திலிருந்து போன நால்வரில் அப்பாவும் ஒருவர்.

“ஏம்ப்பா எங்கிட்ட சொல்லலை?” என்று கேட்டேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை.

“பரிசு வாங்கின பிள்ளைகிட்ட போய்ச் சாவைப் பத்தி என்னத்தைச் சொல்றது பாப்பா?” என்றார் அப்பா. “அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம் நீ பேசலை.”

தோழியரே, அந்த நான்கு நாட்களை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? நான் போர்வைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு கிடந்த அதே காலையில், தன் மடியில் உயிர் விட்ட நண்பரை எண்ணிக்கொண்டு, தூங்காத கண்களோடு, “கப்பைக் காட்டு” என்று கேட்டவர் என் அப்பா. காலியாக இருந்த அந்த நாற்காலியில் அப்பா உட்கார வேண்டும் என்று என்னைவிட அதிகமாகப் பாடுபட்டவர், பகல் பதினொரு மணிக்கே இறந்துபோயிருந்தார். அவர் இறந்ததனால்தான் அது காலியாக இருந்தது. இது எதுவுமே தெரியாமல் நான் கோபப்பட்டேன். தெரியாது என்பது உண்மைதான். ஆனால் நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்குமே!

அந்த ஞாயிற்றுக்கிழமை ஃபுரில்லோவை நினைத்துக்கொண்டேதான் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போனேன். ‘கீழ்ப்படியவில்லை, பொய் சொன்னேன்’ என்று வழக்கமாக ஒப்பிக்கும் பட்டியலைத் தாண்டி, முதல் தடவையாக உள்ளபடியே ஒரு பாவத்தைச் சொன்னேன் என்று நினைக்கிறேன். சாமியார் எனக்கு இரண்டு காரியங்கள் கொடுத்தார். ஒன்று, இறந்தவருக்காக ஒரு ஜெபமாலை. இரண்டாவது, அப்பாவோடு அவர் வீட்டுக்குப் போய் வருவது.

போனோம். ரைட்டர் மாமாவின் படத்துக்கு முன் ஒரு சிறு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அன்றுதான் அந்தக் குரலுக்கு உரிய முகத்தைப் பார்த்தேன். அத்தை காப்பி கொடுத்தார். அப்பா என்னைக் காட்டி, “இதுதான் என் பொண்ணு” என்றார். “இதுவா? அன்னைக்குக் காலையில இட்லி சாப்பிடும்போதுகூட, ஏட்டு பொண்ணு இன்னைக்குப் பரிசு வாங்குதுன்னு சொல்லிக்கிட்டு இருந்தாரே!” என்றார் அத்தை. பிறகு என் தலையைத் தடவி, “நல்லா படிம்மா” என்றார். என்னால் காப்பியை விழுங்க முடியவில்லை.

அக்டோபர் 21-ஆம் நாள் காவலர் வீரவணக்க நாள். 1959-ஆம் ஆண்டு அதே நாளில் லடாக்கில் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்னும் இடத்தில் சீனப் படையினர் தாக்கியதில் நம் காவலர் பத்துப் பேர் உயிர்நீத்தனர். அவர்கள் நினைவாக ஆண்டுதோறும் நாடெங்கும் இந்நாள் அனுசரிக்கப்படுகிறது. புதுடில்லியில் காவலர்களுக்கென எழுப்பிய தேசிய நினைவுச் சின்னமும் 2018-இல் இதே நாளில்தான் திறக்கப்பட்டது. இவ்வாண்டு அப்பா என்னை ஆயுதப்படை மைதானத்துக்கு அழைத்துப்போனார். மலர் வளையம் வைத்தார்கள். துப்பாக்கிகள் மூன்று முறை முழங்கின. கடமையில் உயிரிழந்தவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டன. அதுவும் ஒரு ரோல் கால்தான். ஆனால் “ஆஜர்” என்று பதில் சொல்ல ஒருவரும் இல்லாத ரோல் கால்.

ரைட்டர் மாமாவின் பெயர் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். வரவில்லை. வீடு திரும்பும் வழியில், “ஏம்ப்பா அவர் பேரைப் படிக்கலை?” என்று கேட்டேன். “இது குண்டடிபட்டும் வெட்டுப்பட்டும் உயிரைக் கொடுத்தவங்க பட்டியல் பாப்பா. அவர் நெஞ்சு வலியில போனவர். அவங்க வேற, இவர் வேற” என்றார். சிறிது தூரம் போனபின், “அவர் பேரை நாங்க தினமும் காலையில மனசுக்குள்ள படிச்சுக்கிறோம்” என்றார்.

அப்போதுதான் எனக்கு அந்த அத்தியாயம் முழுமையாகப் புரிந்தது. எஸ்டர்ஹாஸும் திருடனின் துப்பாக்கிக்குப் பலியானவர் அல்லர். கதையில் அவர் எந்தச் சண்டையிலும் வீழவில்லை. காலையில் பட்டியல் வாசித்து, மற்றவர்களைப் பத்திரமாகப் போய் வரச் சொன்னவர். நம்மை வழியனுப்பி வைக்கிறவர்கள் என்றைக்கும் வாசலிலேயே நிற்பார்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். நாம் திரும்பி வருவோமா என்ற கவலை அவர்களுக்கு இருக்கிறது. நாம் திரும்பி வரும்போது அவர்கள் இருப்பார்களா என்ற கவலை நமக்கு ஒரு நாளும் வருவதில்லை.

எஸ்டர்ஹாஸுக்குப் பிறகு ஜப்லான்ஸ்கி என்றொரு சார்ஜெண்ட் அந்த இடத்துக்கு வருகிறார். ராபர்ட் ப்ரோஸ்கி என்பவர் நடித்தார். அவர் பழைய வாக்கியத்தைச் சொல்வதில்லை. “அவர்கள் நம்மைக் கவனிக்கும் முன் நாம் அவர்களைக் கவனித்துவிடுவோம்” என்கிற பொருளில் தம் சொந்த வாக்கியத்தைச் சொல்லுவார். முதலில் எனக்கு அவர்மேல் கோபமாக வந்தது. அப்பாவோ, “அதுதான் சரி. அவர் வார்த்தை அவரோட போயிடணும். வந்தவர் தன் வார்த்தையைத்தான் சொல்லணும்” என்றார். அப்பாவின் நிலையத்துக்கும் புதிய ரைட்டர் வந்துவிட்டார். இளைஞர், கணினியில் வேகமாகத் தட்டுவாராம், ரோல் கால் முடிந்தால் தலையைத் தூக்கமாட்டாராம். “நல்ல பையன். வேலை தெரிஞ்சவன்” என்று அப்பா சொல்கிறார். இப்போதெல்லாம் எல்லாரும் கிளம்பும்போது, “பார்த்துப் போங்கப்பா” என்று சொல்கிறவர் யார் தெரியுமா? என் அப்பாதான்.

சாம்பலைத் தெருவில் தூவுவதைப் பற்றி மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டரிடம் கேட்டேன். தகனம் செய்யலாம்; ஆனால் சாம்பலைத் தூவிவிடாமல் புனிதமான ஓர் இடத்தில் வைத்துக் காக்க வேண்டும் என்று நம் திருச்சபை 2016-இல் அறிவுரை கூறியிருப்பதாக விளக்கினார். நாம் உயிர்ப்பை நம்புகிறவர்கள். இறந்தவரை நினைத்து ஜெபிக்க ஓர் இடம் வேண்டும் என்பதே காரணம். ரைட்டர் மாமா காவிரியில் கலந்துவிட்டவர். அது அவர்களுடைய வழக்கம். அவருக்கு நான் எங்கே மெழுகுதிரி ஏற்றுவது? நவம்பர் 2-ஆம் நாள் சகல ஆன்மாக்கள் திருநாளில் தாத்தாவின் கல்லறையில் திரிகளை ஏற்றி முடித்தபோது, அப்பா தம் சட்டைப் பையிலிருந்து இன்னொரு திரியை எடுத்து என்னிடம் கொடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. தாத்தாவின் தலைமாட்டில் அதையும் ஏற்றி வைத்தேன். தாத்தா ஒன்றும் நினைத்துக்கொள்ளமாட்டார்.

இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது நமக்குப் பொதுத் தேர்வு நெருங்கியிருக்கும். நாமும் ஒரு குழுதான். ஆண்டு முழுதும் காலையில் ஒரே வரிசையில் நின்று, வகுப்பாசிரியை பெயர் படிக்கப் படிக்க “ப்ரெசென்ட் சிஸ்டர்” என்று சொல்லிக்கொண்டிருந்தோம். இனி அந்தப் பட்டியல் ஒரே குரலில் வாசிக்கப்படாது. ஒருத்தி எங்கோ, இன்னொருத்தி எங்கோ போவோம். பேசாமல் விட்ட நான்கு நாட்கள் யாருக்காவது யாரோடாவது பாக்கியிருந்தால், தயவுசெய்து இப்போதே போய்ப் பேசிவிடுங்கள்.

நான் ஒரு பழக்கத்தைக் கைக்கொண்டிருக்கிறேன். அப்பா ட்யூட்டிக்குக் கிளம்பும்போது, நான் என்ன படித்துக்கொண்டிருந்தாலும் புத்தகத்தை மூடிவிட்டு வாசலுக்கு வருகிறேன். அவர் தொப்பியை அக்குளில் இடுக்கிக்கொண்டு கொஞ்சம் குனிகிறார். சிறு வயதில் நான் பள்ளிக்குப் போகுமுன் அவர் என் நெற்றியில் போடுவாரே, அதேபோல் நான் அவர் நெற்றியில் பெருவிரலால் சிலுவை போடுகிறேன்.

“பார்த்துப் போங்கப்பா.”

“சரி பாப்பா.”

வண்டி தெருமுனை திரும்பும் வரை நிற்கிறேன். பிறகு வந்து புத்தகத்தைத் திறக்கிறேன்.